தலை இறங்கினாலும் துடிப்புக் குறையாது

போன காலபோக அறுவடை நேரம், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 38 வாரக் கர்ப்பிணி, திண்ணையில் சரிந்து படுத்திருந்தாள். "பிள்ளை எப்படித் துடிக்குது?" என்று, வயிற்றுப் பிள்ளையின் அசைவைப் பற்றிக் கேட்டேன். "நேற்றிலிருந்து குறைவு மிஸ்" என்றாள். அம்மம்மா குறுக்கிட்டார்: "தலை இறங்கிட்டுது. இனி ஆட இடமில்லைத்தானே."

மருத்துவமாதுவாக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிழையான பேச்சு. இடம் நெருங்கும்போது துடிப்பின் விதம் மாறும், உண்மைதான். முன்பு பட்டென்று உதைத்த பிள்ளை இப்போது உருளும், முழங்கையால் நெட்டும், விலாவுக்குக் கீழே காலை ஊன்றும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது, பிறக்கும் நாள் வரைக்கும்.

பிள்ளை உள்ளே சும்மா இருப்பதில்லை. 35 வாரத்தில் அதன் மூளை, 40 வாரத்தில் இருக்கவேண்டிய நிறையில் மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் இந்தக் கடைசி வாரங்களில் வளர்கிறது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் பொருள் நன்றாக ஊறுவதும் இப்போதுதான். தோலுக்கடியில் கொழுப்புச் சேர்கிறது. பிறந்தபின் சூட்டைக் காக்க அது வேண்டும். தாயிடமிருந்து இரும்புச்சத்தும் நோய் எதிர்ப்புச் சக்தியும் போய்ச் சேர்கின்றன. அதனால்தான், நல்ல நாள் பார்த்து 37 வாரத்திலேயே சிசேரியன் செய்யலாமா என்று கேட்கிறவர்களிடம் மருத்துவக் காரணம் இல்லாமல் வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

சரி, துடிப்பை எப்படிக் கவனிப்பது? காலையில் எண்ணத் தொடங்கினால் 12 மணித்தியாலத்துக்குள் 10 துடிப்பு வரவேண்டும். அதற்காக 12 மணித்தியாலமும் காத்திருக்கச் சொல்லவில்லை. வழமையைவிடக் குறைவு என்று தாய்க்குப் பட்டாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இனிப்புத் தண்ணி குடித்துப் பார்ப்போம், நெல்லு வெட்டு முடியட்டும், நாளைக்குக் கிளினிக்தானே என்று இருக்கக்கூடாது.

அந்தக் கர்ப்பிணியை அப்போதே ஓட்டோவில் ஏற்றினோம். இதயத்துடிப்புப் பதிவு சரியில்லையென்று அன்று பின்னேரமே சிசேரியன் செய்தார்கள். 2 கிலோ 600 கிராம், ஆண்பிள்ளை. வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். அம்மம்மா என் கையைப் பிடித்தபடி கனநேரம் பேசாமல் நின்றார்.

எங்கள் ஊர்களில் பஸ் நேரத்துக்கு வராது. 36 வாரம் வந்ததும் பக்கத்து ஓட்டோக்காரரின் நம்பரைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் எழுதி வையுங்கள். இரவில் வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.