என்ச்சூஃபே: சுவரில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று

மாட்ரிட் வந்த முதல் வாரம். ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று கால் பிளக் இங்கே எந்தச் சுவரிலும் நுழையவில்லை. சாமான் கடையில் கைஜாடை காட்டி அடாப்டர் வாங்கியபோது கற்ற சொல் என்ச்சூஃபே. பிளக், சாக்கெட் இரண்டுக்கும் பேச்சில் அதுதான். நடுவில் வரும் 'ச்சூ'வை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் கீழ்வீட்டு அம்மாள் ஒரு சேதி சொன்னார். மூன்றாம் மாடிக்காரர் மகனுக்கு நகராட்சியில் வேலை கிடைத்துவிட்டதாம். "தியேனே என்ச்சூஃபே" என்று உதட்டைச் சுழித்தார். அதாவது, அவனிடம் பிளக் இருக்கிறது. ஓஹோ, பையன் எலெக்ட்ரீஷியன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டவனிடம், என் சமையலறை ஸ்விட்சைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டும் தொலைத்தேன். அவன் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை.

சொல்லின் இன்னொரு பொருள் அப்புறம்தான் விளங்கியது: செல்வாக்குள்ள ஆளின் தயவு, அந்தத் தயவால் கிடைத்த பதவி. அப்படி உள்ளே போனவர் என்ச்சூஃபாதோ. பேச்சில் கடைசி 'தோ' தேய்ந்து 'என்ச்சூஃபாவோ' என்றே காதில் விழும். வகுப்பில் வாத்தியாரின் செல்லப்பிள்ளைக்கும் இதே பெயர். கால்பந்து வர்ணனையில் மட்டும் கதை வேறு. அங்கே ஒரு வீரர் 'என்ச்சூஃபாதோ' என்றால் ஆட்டத்தில் முழுக் கவனமாக இருக்கிறார் என்று பாராட்டு.

மின்சாரத்துக்கு முன்பே இருந்த சொல் இது. வினை வடிவம் என்ச்சூஃபார். ஒரு குழாயின் வாயை இன்னொன்றின் வாயில் பொருத்துவது என்பது பழைய பொருள். 'ச்சூஃப்' என்று பொருந்தும் ஓசையிலிருந்தே சொல் பிறந்தது என்கிறது ஸ்பெயின் அரச கழக அகராதி. அரசியல் பொருள் ஊரெங்கும் ஒலித்தது 1931இல் மன்னராட்சி போய் இரண்டாம் குடியரசு வந்த பிறகு. ஒரே ஆள் பல பதவிகளை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குவதைக் கிண்டலடிக்க, 'என்ச்சூஃபிஸ்தா' என்பது எதிர்க்கட்சிகளின் வசவாயிற்று.

வழக்கம் சொல்லைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கானோவாஸின் பழமைவாதக் கட்சியும் சகாஸ்தாவின் லிபரல் கட்சியும் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறி ஆண்டன. ஆட்சி மாறினால் குமாஸ்தா வரைக்கும் மாறுவார்கள். சீட்டுக் கிழிந்தவருக்கு 'செசாந்தே' என்று பெயர். தன் கட்சி திரும்பி வரும்வரை கடன் வாங்கிக் காலம் தள்ள வேண்டியதுதான். 1918இல் பிரதமர் மௌராவின் அரசு கொண்டுவந்த சட்டம்தான் அரசு ஊழியருக்கு வேலை நிரந்தரம் என்றாக்கியது.

இந்த நோய்க்கு ஸ்பெயின் கண்ட மருந்து 'ஒபோசிசியோனெஸ்' என்னும் போட்டித் தேர்வு. நீதிபதி ஆக வேண்டுமா? வருடக்கணக்கில் வீட்டில் அடைந்து, பாடங்களை நெட்டுருப் போட்டு, தேர்வாளர் முன் வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். இதைப் 'பாடுவது' என்றே சொல்கிறார்கள். பின்வாசல் ஒன்றையும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். அமைச்சரும் மேயரும் தங்கள் நம்பிக்கைக்குரிய ஆலோசகர்களைத் தேர்வில்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. நியமித்தவர் பதவி போனால் இவர்களும் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கியது போல. இவ்வகை நியமனத்துக்கு 'ஆ தேதோ', விரல் நீட்டி, என்று பெயர். 2003இல் பிரதமர் அஸ்னார் தன் கட்சிக்கு அடுத்த தலைவராக ரஹோயைத் தாமே கைகாட்டியபோது, ஊர் பேசியது அந்த விரலைப் பற்றித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் நாக்கில் வருவது சிபாரிசு. அது பாரசீகத்து வரவு. பரிந்துரை நல்ல தமிழ்தான், ஆனால் ரொம்ப நல்ல பிள்ளை. மருத்துவர் மாத்திரை எழுதித் தருவதும் பரிந்துரைதான். 'உள்ளே ஆள் இருக்கு' என்பது பேச்சில் கச்சிதம். ஆனால் அது வாக்கியம், அகராதித் தலைப்புக்கு ஆகாது.

எனக்குப் பிடித்தது செருகல். குழாயைக் குழாயில் செருகு என்ற மூலப்பொருள் அப்படியே இருக்கிறது, பிளக்குக்குச் செருகி என்று ஏற்கனவே சொல் உண்டு. என்ச்சூஃபாதோவுக்கு அதைவிட அருமையான சொல் புலவர்களிடம் தயாராகக் கிடக்கிறது: இடைச்செருகல். பழைய நூலில் பின்னால் வந்த யாரோ நுழைத்த பாட்டு. சீர் தளை எல்லாம் ஒத்துப் போகும். நாலு தலைமுறை ஏட்டில் கிடந்துவிட்டால் எது மூலம், எது செருகல் என்று பண்டிதர்களே சண்டை போடுவார்கள். அலுவலகத்தில் பத்து வருடம் உட்கார்ந்துவிட்ட ஆளும் அப்படித்தான்.

போன வருடம் என் குடியிருப்பு அட்டை காலாவதியாக இருந்தது. இணையத்தில் முன்பதிவுக்கு எத்தனை முறை முயன்றாலும் 'தேதி இல்லை'. கீழ்வீட்டு அம்மாளிடம் புலம்பினேன். அவர் கைபேசியை எடுத்து நாத்தனாரிடம் இரண்டு நிமிடம் பேசினார். வியாழன் காலை ஒன்பதரைக்கு நேரம் கிடைத்துவிட்டது.

"இது என்ச்சூஃபே இல்லையா?" என்று கேட்டேன்.

அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதெல்லாம் உதவி, மகனே. என்ச்சூஃபே மூன்றாம் மாடியில் இருக்கிறது."