பிரசங்கமும் மறையுரையும் ஒன்றா?

போன மாதம் ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால், பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லி என் கைக்கு வந்தது. ஒன்பது நாள் நவநாள் வழிபாடு, நாளுக்கு ஒரு தலைப்பு. முதல் நான்கு நாளுக்கு எதிரே ‘மறையுரை’ (பூசையில் சாமியார் பேசும் பேச்சு) என்று இருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து ‘பிரசங்கம்’ ஆகிவிட்டது. பாதியில் வேறு ஆள் தட்டச்சு செய்திருப்பார் போல. எல்லாவற்றையும் மறையுரை என்று மாற்றிவிட்டு, அந்த இரவே சேலத்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாயி, “சாமி பிரசங்கம் வச்சாருன்னுதான நாங்க சொல்லுவோம், ரெண்டும் ஒன்னுதான கண்ணு?” என்றார். “ஒன்னுதான் அம்மாயி” என்று சொல்லிவிட்டேன். படுத்தபிறகுதான் உறைத்தது, ஒன்றில்லை.

பிரசங்கம் வடமொழிச் சொல். அதன் வேரில் இருப்பது ஒட்டிக்கொள்ளுதல், பற்றுதல் என்ற பொருள். அங்கிருந்து தொடர்பு, சந்தர்ப்பம், எடுத்துக்கொண்ட பொருள் என்று விரிந்து, தமிழுக்கு வந்து சேர்ந்தபோது சபையில் நின்று பேசும் நீண்ட பேச்சாக நிலைத்தது. ஒட்டிக்கொள்ளுதல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அரசியல் மேடையிலும் பிரசங்கம் உண்டு, கோவில் திண்ணையில் புராணப் பிரசங்கம் உண்டு, வீட்டில் அப்பா நமக்கு வைப்பதும் அதேதான். வரம்பு மீறிப் பேசுபவனை அதிகப்பிரசங்கி என்கிறோம். மறையுரைக்கு அப்படி ஒரு வசைச்சொல் இன்னும் பிறக்கவில்லை, பிறக்க வேண்டிய ஞாயிறுகள் சில இருந்திருக்கின்றன என்றாலும்.

கத்தோலிக்கத் தமிழில் இப்படிப் பழைய சொல் போய்ப் புதிய சொல் வருவது அதிசயமில்லை. பூசைக்குப் போர்த்துக்கீசியரோடு வந்த சொல்லான ‘மிஸ்ஸா’வைத் தமிழ் வாயில் போட்டால் மீசை என்றுதான் காதில் விழும். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி, நம் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வழிபாட்டுக்கு வைத்திருந்த சொற்களை எடுத்துக்கொண்டார். பூசை, கோயில், வேதம், குரு, பிரசாதம் எல்லாம் அப்படி உள்ளே வந்தவை. (அவர் 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் வந்தவர் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்வோம்.) பிறகு பூசை திருப்பலி ஆனது, வேதாகமம் திருவிவிலியம் ஆனது, சுவிசேஷம் நற்செய்தி ஆனது. 1930-இல் உருவான எங்கள் சேலம் மேற்றிராசனமும் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி) இப்போது மறைமாவட்டம். இவற்றில் பல, பெயர் மட்டும் மாறிய சொற்கள். பொருள் அப்படியே இருக்கிறது. பிரசங்கம் மறையுரை ஆனதில் பொருளும் கூடவே மாறியிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

அதற்குக் கொஞ்சம் கிரேக்கம் வேண்டும். மறையுரை என்று நாம் சொல்வதற்கு உலகம் முழுக்கத் திருச்சபையில் வழங்கும் சொல் ஹோமிலி. மூலம் ‘ஹோமிலியா’, கூடிப் பழகுதல், பேசிக்கொள்ளுதல் என்று பொருள். லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்கு நடந்து போகும் இரண்டு சீடர்கள் நடந்ததையெல்லாம் ‘பேசிக்கொண்டே’ போகிறார்களே, அந்த இடத்தில் கிரேக்கத்தில் நிற்பது இந்தச் சொல்லின் வினைதான். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை, வழிநடைப் பேச்சு. மூன்றாவது ஆளாக வந்து சேரும் இயேசு, மோசே தொடங்கி இறைவாக்கினர் எல்லோரையும் எடுத்து அவர்களுக்கு விளக்குகிறார்.

அதே வினை விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 20-ஆம் அதிகாரத்திலும் வருகிறது, அது வேறு கதை. துரோவாவில் பவுல் நடு இரவு வரை பேச, சன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞர் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறார். பவுல் இறங்கிப்போய் அவரை உயிரோடு எழுப்பிவிட்டு, மேலே ஏறி வந்து, விடியும்வரை மறுபடி பேசுகிறார்! நீளமான மறையுரைக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்றாரே, அப்போது எனக்கு இந்தச் சன்னல்தான் ஞாபகம் வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். மறை என்றால் வேதம்; நான்மறை என்பது பழைய வழக்கு, குறளைப் பொதுமறை என்கிறோம். மறைந்திருக்கும் பொருள் உடையது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ‘நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்’ என்கிற 28-ஆம் குறளில் அந்த மறை இருக்கிறது. மறைக்கல்வி வகுப்புப் பையன் ஒருவன் “மறை கழண்டவங்க பேசுறதா?” என்று கேட்டுக் குட்டு வாங்கினான். போல்ட்டும் நட்டும் கழலுகிற அந்த மறையும் தமிழில் இருப்பதால் அவன் மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி, உரை. உரை என்றால் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் மறையுரை ‘வேதப் பேச்சு’ என்று தட்டையாகிவிடும். தமிழில் நூலுக்கு எழுதும் விளக்கத்துக்கும் உரை என்றே பெயர். பரிமேலழகர் செய்தது உரை. மூலம் இல்லாமல் உரை கிடையாது. குறள் இல்லாவிட்டால் பரிமேலழகருக்கு என்ன வேலை? இன்னொரு பொருளும் உண்டு, உரைத்தல் என்றால் தேய்த்தல். பொன்னைத் தேய்த்து மாற்றுப் பார்க்கும் கல் உரைகல். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இதை விளக்கவே வேண்டாம். அன்றைய விவிலிய வாசகத்தை நம் வாழ்க்கையின்மேல் ஒரு தேய் தேய்த்து, என்ன தரம் என்று காட்டுவது உரை. இது சொல் பிறப்பில் இருப்பதா, நான் ஏற்றிச் சொல்வதா என்று கேட்டால் பாதிக்குப் பாதி.

ஆக, மறையுரை என்ற சொல்லிலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: மறையைத் தொடாமல் மறையுரை இல்லை. பூசை லத்தீனில் நடந்த காலத்தில் நடுவே தமிழில் கேட்டது பெரும்பாலும் பிரசங்கம்தான். அது அன்றைய நற்செய்தியைப் பற்றியும் இருக்கலாம், நரகத்தைப் பற்றியும் இருக்கலாம், கோவில் கூரைக்குக் காசு சேரவில்லை என்பதைப் பற்றியும் இருக்கலாம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மறையுரை திருவழிபாட்டின் ஒரு பகுதி என்றது, மக்களோடு நிறைவேற்றும் ஞாயிறு, கடன் திருநாள் (கட்டாயம் பூசை காண வேண்டிய நாள்) திருப்பலிகளில் தக்க காரணமின்றி அதை விடக் கூடாது என்றும் சொன்னது. 1969-இன் புதிய வாசக ஒழுங்கு மூன்று ஆண்டுச் சுற்றாக ஞாயிறு வாசகங்களை விரித்தது. ஓராண்டு மத்தேயு, ஓராண்டு மாற்கு, ஓராண்டு லூக்கா. அதற்குப் பிறகு பேசுகிறவர் வாசகத்தை விட்டு ஓட முடியாது. ஓடுகிறவர்கள் உண்டு. ஒருமுறை மலைக்குக் கீழே ஒரு கோவிலில் முழு இருபத்தைந்து நிமிடம் வாட்ஸப்பின் தீமைகள் கேட்டேன், அன்றைய நற்செய்தியோ நல்ல சமாரியர். அது பிரசங்கம். நல்ல பிரசங்கம் என்றுகூடச் சொல்லலாம், மறையுரை இல்லை.

வேறு சொற்களும் புழங்குகின்றன. அருளுரை எல்லா மதத்துக்கும் பொது, யார் எங்கே பேசினாலும் பொருந்தும், அதனாலேயே இங்கே கொஞ்சம் தளர்வு. அருள்வாக்கு அழகான சொல், ஆனால் ஆடி மாதத்துச் சேலத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடைக்கும். தனியாகவோ, பங்கின் சிறு குழுவான அன்பியக் கூட்டத்திலோ வாசகத்தை வைத்து யோசித்துப் பகிர்வதற்கு இறைவார்த்தைச் சிந்தனை என்பதே போதும். ஏனென்றால் திருச்சபைச் சட்டம் 767-இன்படி, திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும், அவருக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது. உபதேசியாரோ சிஸ்டரோ ஆசிரியரோ எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதற்கு அந்தப் பெயர் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நோட்டீஸை மறுபடி திறந்து பார்த்தேன். ஏழாம் நாள் மாலை, திருப்பலியில் அல்ல, நற்கருணை ஆராதனையில், ஒரு சிஸ்டர் பேசுகிறார். அதில் ‘பிரசங்கம்’ என்று சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் மறையுரை ஆக்கியிருக்கிறேன். அச்சகத்துக்குப் போன் செய்தேன். ஆயிரம் பிரதியும் அடித்து, மடித்து, பஸ்ஸில் ஏற்றி மலைக்கு அனுப்பியாயிற்றாம்.