பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீரா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் அரிசி ஆலையில் இரண்டு மேலாளர்கள். பிசானப் பருவ நெல்லுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று ஒரே அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். இது பிறவிக் குணமா?"

குணத்துக்கும் பங்கு உண்டு. புலனுக்குப் படும் விவரத்தை நம்புகிறவர், உள்ளுணர்வால் போக்கைப் பிடிக்கிறவர் என்று 1921இல் பிரித்துக் காட்டினார் உளவியலாளர் கார்ல் யுங். முன்னவர் அட்டவணையைக் கேட்பார்; பின்னவருக்கு வரைபடம் போதும். ஆனால் அறிக்கை எழுதியவரின் பங்கை யாரும் கேட்பதில்லை.

அந்த அறிக்கையில், உங்கள் பகுதி நெல்லுக்குத் தண்ணீர் தரும் பாபநாசம் அணையின் நீர்மட்டம் கட்டாயம் இருந்திருக்கும். அணையின் முழு உயரம் 143 அடி. மட்டம் 71 அடி என்று எழுதினால், பாதி நிறைந்துவிட்டது என்று மனம் சொல்லிவிடுகிறது. அணையோ தொட்டி அல்ல. கீழே ஒடுங்கி மேலே விரியும் மலைப் பள்ளத்தாக்கு.

எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்து, அதன் குழாயை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். கூம்பின் பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அதை ஒரு டம்ளரில் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கூம்பு விளிம்பு வரை நிரம்ப அந்த அளவில் ஏறத்தாழ எட்டு முறை ஊற்ற வேண்டும்! உயரம் பாதியானால் வாயின் நீளமும் அகலமும்கூடப் பாதியாகின்றன. மூன்று பாதிகளைப் பெருக்கினால் எட்டில் ஒன்று. அணை கச்சிதமான கூம்பு அல்ல என்பதால் இதே கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனாலும் மேலே ஏறும் ஒவ்வோர் அடியும் கீழே உள்ள அடியைவிட அதிக நீரைத் தாங்குகிறது. எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

சொல்லும் விதமும் இப்படித்தான் ஆளை மாற்றும். ஓர் ஆய்வில், 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு கற்பனை நோய்க்கு "200 பேர் உறுதியாகப் பிழைப்பார்கள்" என்ற திட்டத்தை 72 சதவீதத்தினர் ஏற்றார்கள். அதையே "400 பேர் இறப்பார்கள்" என்று வேறொரு குழுவிடம் சொன்னபோது 78 சதவீதத்தினர் அதை விட்டுவிட்டு, எல்லோரும் பிழைக்கலாம் அல்லது எல்லோரும் இறக்கலாம் என்ற மாற்றுத் திட்டத்தின் மேல் துணிந்து பந்தயம் கட்டினார்கள். உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1981இல் வெளியிட்ட முடிவு இது.

மேலாளரை அமர்த்த ஜாதகம் பார்ப்பதும், ஆளுமை வகைத் தேர்வுக்குப் பணம் கொட்டுவதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் அறிக்கை எழுதும் குமாஸ்தாவுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

அம்மா, அடுத்த அறிக்கையில் அடிக்குப் பக்கத்தில் இருப்பு நீரை மில்லியன் கன அடியில் எழுதச் சொல்லுங்கள். இருவரிடமும் தனித்தனியே காட்டி, என்ன முடிவு சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.