மெத்தனால் ஊற்றினால் பழைய ட்ரையம்ஃப் ஏன் வேகமெடுக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல் ஆற்றல். மெத்தனாலில் 20தான், பாதிகூட இல்லை. அப்படியிருக்க, வீட்டு ஷெட்டில் பழைய பைக்கைக் கட்டி வேகச் சாதனைக்காக உப்பு வெளிக்குக் கொண்டுபோகிறவர்கள் ஏன் மெத்தனாலைத் தேடுகிறார்கள்?"

மிக நல்ல கேள்வி. பதிலைத் தேட 1956 செப்டம்பருக்குப் போவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பானவில் உப்பு வெளியில் ஜானி ஆலன் மணிக்கு 214.17 மைல் ஓட்டினார். அதாவது சுமார் 345 கி.மீ. சுருட்டு போன்ற கூட்டுக்குள் இருந்தது பிரிட்டிஷ் பைக்கான ட்ரையம்ஃப் தண்டர்பேர்டின் 649 சிசி எஞ்சின். இரட்டைச் சிலிண்டர், இரும்பு ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), காற்றால் குளிர்வது, உள்ளே போனது மெத்தனால். வண்டியை வடிவமைத்தவர் டெக்சஸைச் சேர்ந்த விமானி ஸ்டார்மி மாங்கம், எஞ்சினைத் தயார் செய்தவர் ஜாக் வில்சன். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். அந்த வேகத்தை உலக சாதனையாக ஏற்க மறுத்தது. ட்ரையம்ஃப் நிறுவனமோ அடுத்து வந்த வேகமான மாடலுக்கு பானவில் என்றே பெயர் வைத்துவிட்டது.

எல்லோராலும் கூடு செய்ய முடியாது. கூடு இல்லாத, ஓட்டுநர் டாங்க்கின் மேல் படுத்து ஓட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பது பள்ளிப் பாடம்தான். பானவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அங்கே ஒரு கிலோகூடத் தேறாது. அந்த மெல்லிய காற்றிலும், நன்றாகப் படுத்த ஓட்டுநரோடு, 200 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 45 குதிரைத்திறன் வேண்டும். 225 கி.மீ. போக 60-ஐத் தாண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த தண்டர்பேர்ட் கடல் மட்டத்தில் கொடுத்ததே 34தான். அதிலும் மெல்லிய காற்று சுமார் 18 சதவீதத்தைத் தின்றுவிடும்.

ஆகவே முதல் செலவை எஞ்சினில் போடக் கூடாது, உடலைப் படுக்க வைப்பதில் போட வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின் அச்சுக்கருகே தள்ளுங்கள். ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் இரு கால்களிலும் கவ்வும் குட்டைப் பிடிகளாக மாற்றுங்கள். 1948-இல் ரோலி ஃப்ரீ தன் தோல் உடை காற்றில் கிழிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நீச்சல் உடையோடு வின்சென்ட் வண்டியின் மேல் குப்புறக் கவிழ்ந்து படுத்து மணிக்கு 150.313 மைல் ஓட்டினார். விதிமுறைகள் இன்று அதை அனுமதிக்காது. காற்று எவ்வளவு பெரிய எதிரி என்பது அந்த ஒரு ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

இனி எஞ்சின். சுழற்சியைக் கூட்டித் திறன் எடுக்கலாமே என்று தோன்றும். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 71 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மி.மீ. நிமிடத்துக்கு 7,000 சுற்றில், மேல் முனையில் பிஸ்டன் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2,800 மடங்கு. வளையம், பின் எல்லாம் சேர்த்து 400 கிராம் எடையுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை ஒரு டன்னுக்கு மேல் இழுக்கிறது. 8,000 சுற்றுக்குப் போனால் இழுவை இன்னும் 30 சதவீதம் ஏறும். அறுபது, எழுபது வயதான ராடிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ராடுகளை விரிசல் சோதனைக்குக் கொடுங்கள், பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க முனை) போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், 7,000-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராங்க்குக்குள் ஆயில் போகும் வழியில் ஒரு குழாய் இருக்கிறது. சுழலும் வேகத்தில் ஆயிலிலுள்ள அழுக்கு அதன் சுவரில் ஒதுங்கி, பல வருடங்களில் கெட்டி மெழுகுபோல அடைத்துக்கொள்ளும். அதன் மூடித் திருகு அசையாதபடி பஞ்ச் வைத்து அடிக்கப்பட்டிருக்கும். அந்தக் குத்தை டிரில்லால் எடுத்துவிட்டுத் திருகைக் கழற்றி, குழாயை வெளியே இழுத்துக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் எஞ்சினைப் பூட்டியவர்களின் பிக் எண்ட் பேரிங்தான் முதலில் போகும்.

சுழற்சிக்கு எல்லை வைத்தாயிற்று. மிச்சமிருப்பது, உள்ளே வரும் ஒவ்வொரு கிராம் காற்றிலிருந்தும் கூடுதலாக வேலை வாங்குவது. வாசகரின் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எஞ்சினுக்கு எரிபொருள் ஒருபோதும் தட்டுப்பாடு இல்லை, கார்ப்ரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் ஜெட்டைப் பெரிதாகப் போட்டால் வேண்டிய மட்டும் ஊற்றலாம். தட்டுப்பாடு காற்றுக்குத்தான். ஆகவே எரிபொருளை அதன் எடையால் அளப்பது தவறு. ஒரு கிலோ காற்றோடு சேர்ந்து எவ்வளவு தருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் அதற்கு 6.45 கிலோ போதும். வகுத்துப் பாருங்கள்: காற்றுக் கிலோ ஒன்றுக்குப் பெட்ரோல் சுமார் 3 மெகாஜூல், மெத்தனால் 3.1. பாதி என்று நினைத்தது உண்மையில் சமம், ஒரு சொட்டு அதிகமும்கூட.

ஆனால் இந்த மூன்று சதவீதத்துக்காக யாரும் மெத்தனாலைத் தொடுவதில்லை. அதன் உண்மையான பரிசு குளிர்ச்சி. ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவியதும் தோல் சில்லிடுகிறதே, அதே ஆவியாதல்தான் இங்கும் நடக்கிறது. ஒரு கிராம் மெத்தனால் ஆவியாக 1,100 ஜூல் வெப்பம் வேண்டும், பெட்ரோலுக்குச் சுமார் 350 போதும். இதோடு ஊற்றும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கிராம் காற்றுக்கும் மெத்தனால் உறிஞ்சக்கூடியது 170 ஜூல், பெட்ரோல் 24. ஏழு மடங்கு! முழுவதும் காற்றிலிருந்தே உறிஞ்சி ஆவியானால் காற்றின் வெப்பநிலை 170 டிகிரி சரிய வேண்டும். அது நடக்காது, ஏனென்றால் காற்று குளிரக் குளிர ஆவியாதல் தானே மந்தமாகிவிடும். ஆனாலும் பாலைவன வெயிலில் ஓடி வந்து நிற்கும் வண்டியின் கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடைப்பட்ட குழாயைப் பாருங்கள். ஒரு சாண் தள்ளி எக்ஸாஸ்ட் பைப் கொதித்துக்கொண்டிருக்க, அந்தக் குழாயின் மேல் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மெத்தனால் முழுவதும் குழாயிலேயே ஆவியாகிவிட்டால் அந்த ஆவி எட்டில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை வெளியே தள்ளிவிடும். நல்லவேளையாகப் பெரும்பகுதி துளிகளாகவே சிலிண்டருக்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு சூடான வால்வின் மேலும் பிஸ்டன் தலையின் மேலும் பட்டு ஆவியாகிறது. இன்டேக் வால்வு மூடி, பிஸ்டன் மேலேறிக் காற்றை நசுக்கும்போதும் துளிகள் ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன. நசுக்கினால் சூடேற வேண்டிய காற்றிலிருந்து அந்தச் சூட்டை உடனுக்குடன் உருவிக்கொள்கின்றன. நசுக்க ஆகும் வேலையும் குறைகிறது, கலவை தானே வெடித்து 'நாக்' அடிப்பதும் நின்றுவிடுகிறது. குளிரூட்டும் கருவி எதுவும் இல்லாத இரும்புச் சிலிண்டருக்குள், எரிபொருளே குளிரூட்டியாக வேலை செய்கிறது. வெப்ப இயக்கவியலில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

நாக் பயம் போனதும் அமுக்க விகிதத்தை ஏற்றலாம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதை. தண்டர்பேர்டில் அது 7. அதை 12 ஆக்கினால், ஏட்டுக் கணக்குப்படி திறன் 19 சதவீதம் வரை கூடும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு சிலிண்டர் 324.5 சிசி, அதை 12-இல் ஒன்று குறைத்து 11-ஆல் வகுத்தால் 29.5 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் இவ்வளவுதான் இருக்க வேண்டும். பிளக் துளை வழியாக பியூரெட்டால் மெல்லிய ஆயிலை விட்டு அளந்து, இரண்டு சிலிண்டரையும் ஒன்றுபோல ஆக்குங்கள். உயரமான பிஸ்டன் வால்வில் இடிக்கலாம். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கையால் எஞ்சினைச் சுற்றி, பிறகு அதை வெட்டிப் பார்த்தால் தெரியும். இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. குறையாமல் இருக்கட்டும். ஹெட் கேஸ்கட்டுக்குச் செம்புத் தகடு. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மெத்தென்று படியும்.

மெத்தனாலின் உச்சத் திறன் 5 பங்கு காற்றுக்கு 1 பங்கு என்ற செழிப்பான (எரிபொருள் மிகுந்த) கலவையில் கிடைக்கும். பெட்ரோலுக்கு அது 12.5. அடர்த்தியையும் சேர்த்தால் பருமனில் 2.3 மடங்கு எரிபொருள் ஓட வேண்டும். அமல் கார்ப்ரேட்டரில் 250 எண் ஜெட் போட்டிருந்தால் 585 வரும். அங்கே தொடங்காதீர்கள், 700-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். ஜெட்டை மட்டும் மாற்றுவதுதான் பெரும்பாலானோர் விடும் தவறு. 7,000 சுற்றில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு அரை லிட்டர் மெத்தனால் குடிக்கும். கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு எரிபொருளை விடும் ஃப்ளோட் ஊசியின் துளையும் டாங்க் குழாயும் பழைய அளவிலேயே இருந்தால் முதல் மைலில் சரியாக ஓடி, இரண்டாவது மைலில் ஃப்ளோட் கிண்ணம் காலியாகி, மூன்றாவதில் பிஸ்டனில் ஓட்டை விழும். மெத்தனால் நாக் அடித்து எச்சரிக்காது. சூடான பிளக் முனையே கலவையை முன்கூட்டிப் பற்றவைத்துவிடும். ஆகவே குளிர் ரக பிளக் போடுங்கள். ஃப்ளோட் ஊசியை இடத்தில் வைத்தே, எரிபொருளை ஜாடியில் பிடித்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எரியாத மெத்தனால் பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் இறங்கும். மினரல் ஆயில் அதோடு சேராமல் பால்போலக் கலங்கும். ஆமணக்கு எண்ணெயில் செய்த ரேஸ் ஆயிலைப் பழைய ஓட்டக்காரர்கள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முன்பிருந்த மினரல் ஆயிலை முழுவதும் கழுவாமல் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும். ஓட்டம் முடிந்த அன்றே டாங்க்கையும் கார்ப்ரேட்டரையும் காலி செய்து பெட்ரோலால் அலசுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுத்து, துத்தநாகக் கலவையான கார்ப்ரேட்டர் உடலை வெண்பொடியாக அரித்துவிடும்.

இந்தத் திரவத்தைப் பற்றி ஒன்றை உரக்கச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது இதே மெத்தனால்தான். பார்வையைப் பறிக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. உரிமம் இல்லாமல் வீட்டில் சேர்த்து வைக்கவே கூடாது. ஒரு பக்கம் இவ்வளவு ஆபத்தான பொருளைப் பற்றி மக்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, இன்னொரு பக்கம் பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று இன்றும் விற்கிறார்கள். காந்தம் பெட்ரோலை எதுவும் செய்யாது. நம் பாலிடெக்னிக்குகளில் உள்ள எஞ்சின் சோதனை மேடைகளில் ஒரு மதியம் செலவழித்து அதைப் பொதுமக்கள் முன் நிரூபித்துக் காட்டலாம். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு ஆகாது.

திறன் வந்தாயிற்று, அதைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சங்கிலி ஓடும் பற்சக்கரங்களில், எஞ்சினில் 24 பல், கிளட்ச்சில் 43, கியர்பாக்ஸில் 18, பின்சக்கரத்தில் 46 என்பது பழைய அமைப்பு. டாப் கியரில் 7,000 சுற்றுக்கு 190 கி.மீ.தான் வரும். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை 22 ஆக்கினால் 232. உப்பில் டயர் 5 சதவீதத்துக்கு மேல் வழுக்குவது சாதாரணம், ஆகவே உண்மையில் 220-ஐ ஒட்டி நிற்கும். வழுக்கலைக் குறைக்க எடை சேர்க்கலாம். ஈயத்தைத் தாழ்வாக, நடுவிலிருந்து சற்று முன்னால் கட்டுங்கள். பின்னால் கட்டினால் முன்சக்கரம் லேசாகி வண்டி நெளியத் தொடங்கும். முன்பக்கம் பெரிய காற்றுத்தடுப்பு மாட்டுவதும் அதே ஆபத்துதான், காற்றின் தள்ளுமையம் எடைமையத்துக்கு முன்னால் வந்துவிடும். ஸ்டீயரிங் டாம்பர் கட்டாயம்.

கலவை சரியா என்று அறிய, முழு த்ராட்டிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கில் சுவிட்சை அழுத்தி, அதே நொடியில் கிளட்ச்சைப் பிடியுங்கள். மெதுவாக வந்து நின்றால் பிளக் காட்டுவது கடைசி நூறு மீட்டரின் கதையை மட்டும்தான். மெத்தனாலில் பிளக்கின் பீங்கான் நிறம் மாறாது. பிளக்கின் உலோக விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஈரமாக இருந்தால் செழிப்பு, நீலம் பாரித்திருந்தால் உடனே ஜெட்டைப் பெரிதாக்குங்கள்.

பானவிலில் நடக்கும் ஸ்பீட் வீக் என்ற வேகப் போட்டியில் சாதனை என்பது ஒரே ஓட்டம் அல்ல. பழைய சாதனையைத் தாண்டி ஓடியதும் வண்டியைத் தனி இடத்தில் நிறுத்திவைப்பார்கள். மறுநாள் காலை மீண்டும் ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. முந்தைய மதியம் 33 டிகிரியில் சரியாக இருந்த ஜெட் காலை 15 டிகிரியில் சரியாக இருக்காது. காற்று 6 சதவீதம் அடர்ந்திருக்கும். எதிர்ப்பும் அதே 6 சதவீதம் கூடும், எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் கூடும். 600 ஜெட்டை எடுத்துவிட்டு 640 போடுங்கள்.