வெளிநாட்டிலிருந்து கத்தி வரவழைக்க, வெளிநாட்டுக்கு விற்க: சேகரிப்பாளருக்கான விதிகள்

கத்தி சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது, "டியூட்டி எவ்வளவு வரும்?" அது இரண்டாவது கேள்வி. அந்தக் கத்தி சட்டப்படி ஆயுதமா, கருவியா என்பதுதான் முதல் கேள்வி. கருவி என்றால் வரி கட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆயுதம் என்றால் வரி கட்டத் தயாராக இருந்தாலும் பார்சல் வீடு வந்து சேராது. சென்னை ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் வாசலில், பார்சலை நிறுத்திவைத்த கடிதத்தோடு நிற்பவர்களில் பலர் இந்த வித்தியாசத்தைப் பணம் அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

9 அங்குலம், 2 அங்குலம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாவது பிரிவு, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களைச் சொல்கிறது. வாள், குத்துவாள், துப்பாக்கி முனைக் கத்தி, ஈட்டி, போர்க்கோடாரி, சீக்கியர்களின் கிர்பான், நேபாள வளைகத்தியான குக்ரி எல்லாம் அதில் வரும். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளும் அதில்தான். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். சென்டிமீட்டரில் சொன்னால் 22.86, 5.08.

ஒரு விலக்கு உண்டு. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இந்தக் கணக்கில் சேராது. காசிமேட்டில் வஞ்சிரம் துண்டு போடும் கத்தியின் அகலம் 2 அங்குலத்தைத் தாண்டினாலும் அது தொழில் கருவி. ஜப்பானிய சமையல் கத்தியான கியூட்டோ 240 மி.மீ. அளவில் வரும், 9 அங்குலத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். ஆனாலும் அது அடுப்படிச் சாமான். அதைவிடக் குட்டையான அலகு கொண்ட ஒரு இருபக்கக் கூர் குத்துவாளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அளவைப் போலவே எதற்காகச் செய்தது என்பதும் பார்க்கப்படும். "அலமாரியில் காட்சிக்கு வைக்கத்தான் வாங்குகிறேன்" என்பது வாங்குபவரின் நோக்கம். சட்டம் கேட்பது செய்தவரின் நோக்கத்தை.

அலகை அளப்பதிலும் தகராறு வரும். விற்பவர்கள் முழு நீளத்தையோ கூர் தீட்டிய பகுதியை மட்டுமோ போடுவார்கள். பிடி முடியும் இடத்திலிருந்து முனை வரை ஸ்கேல் வைத்து எடுத்த படம் ஒன்று, அகலமான இடத்தில் குறுக்கே ஸ்கேல் வைத்த படம் ஒன்று, இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். குக்ரி என்றால் இந்த வேலையே வேண்டாம், பெயரே பட்டியலில் இருக்கிறது. பௌயி என்கிற வேட்டைக் கத்திகளில் 9 அங்குலத்துக்குக் கீழே, மேலே இரண்டும் உண்டு. அளந்தே ஆக வேண்டும்.

பட்டன் கத்தி தனி வழக்கு. பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் திறக்கும் கத்தியில் அலகு சிறியது என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒரு பகுதிக்கென்று தனி அறிவிக்கை போட்டு, சில வகை ஆயுதங்களை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. டெல்லியில் 1980-இல் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது: அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய ஸ்பிரிங் கத்திகள் அதில் அடங்கும். 7.62 என்பது வெறும் 3 அங்குலம். ஆள்காட்டி விரல் நீளம்தான். பாரிமுனைப் பக்கம் ஏதோ ஒரு கடையில் தொங்குகிறது என்பதால் நீங்களும் வரவழைக்கலாம் என்று ஆகிவிடாது. இரண்டாகப் பிரியும் பிடிக்குள் அலகு மறையும் பட்டாம்பூச்சிக் கத்தி என்கிற பாலிசாங்கும் அதே ரகத் தலைவலி. புதிதாகத் தொடங்குபவர் இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இறக்குமதி, ஏற்றுமதி இரண்டுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. ஐந்தாம் பிரிவு ஆயுதத்தைத் தனி ஆள் இப்படி வரவழைப்பது நடைமுறையில் எட்டாத காரியம். ஆகவே இனி வருவதெல்லாம் அந்த அளவுக்குள் அடங்கும் கத்திகளைப் பற்றியது.

காகிதத்தில் என்ன எழுத வேண்டும்

சுங்க வரிப் பட்டியலில் கத்திக்கான எண் 8211. அலகு மடங்காத கத்தி 8211 92, மடக்குக் கத்தி 8211 93. வாள், துப்பாக்கி முனைக் கத்தி போன்றவை 93-ஆம் அத்தியாயத்தில் 9307. அனுப்புபவர் கவனக்குறைவாக 9307 என்று போட்டுவிட்டால், உள்ளே இருப்பது பழம் நறுக்கும் கத்தியாக இருந்தாலும் பார்சல் ஆயுத வரிசைக்குப் போய்விடும். பிறகு அதை மீட்பது உங்கள் பாடு.

சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வருபவற்றுக்கு 9804 என்ற பொதுத் தலைப்பு உண்டு. இதற்கு ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான பதிவு எண்) தேவையில்லை. ஆதார் அல்லது பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்று போதும். 9804-இன் சலுகை வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு மட்டும்தான். ஆயுதச் சட்டத்தை அது தளர்த்தாது. ஒரே மாடலில் நான்கு கத்தி வந்தால் சொந்த உபயோகம் என்ற பேச்சும் நிற்காது.

சுங்க அறிவிப்புப் படிவத்தில் அனுப்புபவர் வெறுமனே "கத்தி, பரிசு" என்று எழுதினால் இரண்டு தவறு. பரிசு என்று சொல்லி வரி இல்லாமல் எடுக்கும் வழி 2019 டிசம்பர் 12-ஆம் தேதி அறிவிக்கையோடு மூடப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும்தான் விலக்கு. "கத்தி" என்ற ஒற்றைச் சொல்லோ, அதிகாரியைப் பெட்டியைத் திறந்து பார்க்க வைக்கும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: மடக்குக் கத்தி, ஒன்று, அலகு 95 மி.மீ., ஒரு பக்கக் கூர், கையால் திறப்பது, ஸ்பிரிங் இல்லை, 8211 93, விலை இவ்வளவு. அதே வரி இன்வாய்ஸிலும் இருக்க வேண்டும். படிவத்தில் ஒன்றும் இன்வாய்ஸில் வேறொன்றும் இருந்தால் கேள்வி அங்கேதான் தொடங்கும்.

விலையைக் குறைத்துப் போடுகிறேன் என்று விற்பவர் தானாகவே சொல்வார், உதவி செய்வதாக நினைத்து. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1962 சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் தவறான விவரம், தவறான விலை இரண்டுமே பறிமுதலுக்குக் காரணம். 112-இல் அபராதம் வேறு. கார்டில் போன தொகை பேங்க் ஸ்டேட்மென்டில் தெரியும்போது 20 டாலர் இன்வாய்ஸ் எப்படி நிற்கும்?

வரிக் கணக்கு

கத்தி 8,000 ரூபாய், விமானத்தில் அனுப்பும் செலவு 2,000 ரூபாய் என்று வைப்போம். விமானச் செலவை விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்பது 2007 மதிப்பீட்டு விதி. ஆக 1,600-தான் சேரும். இன்ஷூரன்ஸ் தொகை தெரியவில்லை என்றால் விலையில் 1.125 சதவீதம், அதாவது 90. மொத்த மதிப்பு 9,690. இதன் மேல் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் கூட்டிய தொகையின் மேல் ஐஜிஎஸ்டி என்கிற ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. கணக்குக்காக அடிப்படை வரி 20, ஐஜிஎஸ்டி 18 என்று கொண்டால் 1,938 + 194 + 2,128 = 4,260 ரூபாய். 9804 தலைப்பின் விகிதம் பட்ஜெட்டில் மாறுகிறது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளக் கால்குலேட்டரில் அன்றைய விகிதத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். டாலர் மதிப்பும் பேங்க் ரேட் இல்லை, சுங்கத்துறை அறிவிக்கும் ரேட்.

கூரியர் என்றால் அவர்கள் கட்டணம் தனி. மலிவான கத்திக்கு அந்தக் கட்டணமே வரியைவிட அதிகமாக நிற்கும். 2,000 ரூபாய்க் கத்தியை கூரியரில் வரவழைப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

நிறுத்திவிட்டால்

பார்சலை நிறுத்திவைத்ததாகச் சுங்கத்துறையின் கடிதம் வந்ததும் செய்ய வேண்டியது எழுத்தில் பதில். இன்வாய்ஸ், பணம் கட்டிய ஆதாரம், ஸ்கேல் வைத்த இரண்டு படங்கள், தயாரிப்பாளரின் விவரப் பக்கம், ஆயுத விதிகளின் ஐந்தாம் பிரிவில் இது ஏன் வராது என்று நான்கு வரி. போனில் பேசித் தீர்ப்பதாக யாராவது சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

பறிமுதல் உத்தரவு வந்தாலும் சுங்கச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், பறிமுதலுக்குப் பதில் தொகை கட்டி மீட்கும் வாய்ப்பு உண்டு. தடை செய்யப்படாத பொருளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்; தடை செய்யப்பட்டதற்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரி விருப்பம். அதனால்தான் ஆயுதமா கருவியா என்ற பழைய கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. உத்தரவை எதிர்த்து ஆணையரிடம் முறையீடு செய்ய 60 நாள். வரி அதிகம், கத்தி வேண்டாம் என்று தோன்றினால், குற்றம் ஏதும் சாட்டப்படாத நிலையில் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி உரிமையை விட்டுக்கொடுத்து வரியிலிருந்து விலகலாம்.

விற்பதானால்

வண்ணாரப்பேட்டையில் தாத்தா பெட்டியிலிருந்து எடுத்த கத்திக்கு லண்டனில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்ததும் படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 வயது ஆன கைவினைப் பொருள் தொல்பொருள். அதை நாட்டை விட்டு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும் மட்டுமே. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. உள்நாட்டில் வியாபாரமாக விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். எந்த நாட்டில் செய்தது என்று வரையறை பார்ப்பதில்லை. ஷெஃபீல்டில் செய்த 110 வருடக் கத்தியை வரவழைத்துவிட்டு, விலை ஏறியதும் திருப்பி விற்க நினைப்பவர் மாட்டுவது இங்கேதான். 100 வயது ஆகாதது, ஆனால் பழையதாகத் தெரிகிறது என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், பாரிமுனையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

அடுத்தது பிடி. தந்தம் என்றால் பேச்சே இல்லை. கடமான் கொம்புப் பிடிக்கு வெளிநாட்டில் பெரிய மோகம், ஆனால் தானாக உதிர்ந்த கொம்பானாலும் வனவிலங்குச் சட்டப்படி வியாபாரம் கூடாது. செம்மரப் பிடியும் ஆபத்து. எலும்பா, கொம்பா, தந்தமா என்று தெரியாத பிடியை "எலும்பு" என்று எழுதி அனுப்புவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

பிறகு வாங்குபவரின் நாடு. பிரிட்டனில் பட்டன் கத்தி, பாலிசாங் தடை. 2024 செப்டம்பர் 24 முதல் மிரட்டும் தோற்றமுள்ள ஸோம்பி பாணிக் கத்திகளும், 2025 ஆகஸ்ட் 1 முதல் நின்ஜா வாள்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 100 வயது தாண்டிய பழம்பொருளுக்கு அங்கே விலக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால் அங்கே விலக்கு தரும் அதே வயதுதான் இங்கே கதவைச் சாத்துகிறது. ஜெர்மனி 2024 அக்டோபர் 31 முதல் ஸ்பிரிங் கத்திகளுக்குப் பொதுத் தடை போட்டிருக்கிறது. அமெரிக்காவின் 1958 சட்டம் பட்டன் கத்தி இறக்குமதியைத் தடுக்கிறது. கையால் தள்ளத் தொடங்கியதும் ஸ்பிரிங் உதவும் வகைக்கு 2009-இல் விலக்கு கிடைத்தது. ஒற்றைக் கை உள்ளவர் 3 அங்குலத்துக்குள் வைத்திருக்கலாம் என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. 800 டாலர் வரை வரியில்லை என்ற அமெரிக்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. பார்சல் வந்த பிறகு வாங்குபவர் வரியைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் போக வரச் செலவு உங்கள் தலையில். முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

விற்பனை என்றால் ஐஇசி வேண்டும்: பான் அட்டையோடு ஆன்லைனில் 500 ரூபாய் கட்டணம், ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு செய்து எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமல் அனுப்பலாம். தபாலில் அனுப்ப டாக் கர் நிர்யாத் கேந்திரா என்கிற தபால் ஏற்றுமதி மையம் உள்ள தபால் நிலையத்தில் ஏற்றுமதி பில்லை ஆன்லைனில் போடலாம். பணம் வரும்போது பேங்க் கேட்கும் பர்பஸ் கோடை, அதாவது எதற்கான பணம் என்ற குறியீட்டை, சரியாகச் சொல்லி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங்கில் ஒரு விஷயம். கடலோரக் காற்றில் கார்பன் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். தோலுறைக்குள் வைத்தே அனுப்பினால் தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட ரசாயனமும் அலகில் கறையாக ஏறும், பித்தளையில் பச்சை பூக்கும். அலகுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, தடித்த அட்டை மடிப்பு, முனைக்கு இன்னொரு அட்டைத் தொப்பி, உறையைத் தனியாக, நடுவில் சிலிக்கா ஜெல். கஸ்டம்ஸில் திறந்துவிட்டு மீண்டும் மூடுவார்கள் என்பதால் டேப்பை மலைபோல் சுற்றாமல், பிரித்து மூடக்கூடிய பெட்டியாக வையுங்கள். கூர் பாதுகாக்கப்படாத பார்சலைத் தபாலில் எடுக்கவே மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் கையில் கத்தியை வரவழைப்பதானால் செக்-இன் பெட்டியில் மட்டும், விமான நிலையச் சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான ரெட் சானலில் அறிவித்துவிட்டு. அறிவித்த பொருளை அனுமதிக்கவில்லை என்றால், சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி ரசீது வாங்கி அங்கேயே விட்டுவைத்து, திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ள அவர் கேட்கலாம். அறிவிக்காமல் பிடிபட்டவருக்கு அந்த வசதி இல்லை.