பழத்தைச் சுற்றும் தாள்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

பழ பேக்கிங் வேலையில் இருப்பவர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "பாக்டீரியாவைக் கொல்லும் தாளில் சுற்றினால் பழம் கூடுதலாக எத்தனை நாள் தாங்கும்?" நான் முதலில் கேட்பது, எந்தப் பழம், அது எதனால் கெடுகிறது என்பதைத்தான்.

பெரும்பாலான பழங்களில் புளிப்புத்தன்மை அதிகம். அதில் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைதான் நன்றாக வளரும். ஆரஞ்சில் பச்சையாகப் படர்வது பெனிசிலியம் டிஜிடேட்டம். ஸ்ட்ராபெரியையும் திராட்சையையும் சாம்பல் நிறத்தில் மூடுவது பொட்ரைட்டிஸ். மாம்பழத்தில் கரும்புள்ளி போடுவது கொலட்டோட்ரைக்கம். மூன்றுமே பூஞ்சைகள். ஆகவே ஈ.கோலை பாக்டீரியாவை மட்டும் வைத்துச் சோதித்த தாள், ஆரஞ்சுப் பெட்டிக்கு உதவும் என்று நம்ப வழியில்லை. வெட்டிய பழம், முலாம்பழம் போன்றவற்றில் பாக்டீரியா பெரிய ஆபத்துதான். அங்கே கதை வேறு.

இந்தத் தாள்கள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூசிய தாள், தொட்ட இடத்தில்தான் கிருமியைத் தடுக்கும். உருண்டைப் பழத்தின் எல்லாப் பக்கமும் தாள் ஒட்டி நிற்காது. இரண்டாவது வகை, இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய் சேர்த்த தாள். அவற்றிலுள்ள சின்னமால்டிஹைடு, யூஜினால் என்ற வாசப் பொருள்கள் ஆவியாகப் பரவும், தாள் தொடாத இடத்தையும் எட்டும். அதனால் பெட்டிக்குள் வைக்க எனக்கு ஆவித் தாள்தான் பிடிக்கும். ஆனால் அளவு மீறினால் பழத்தோல் கருகும், சாப்பிடும்போது கிராம்பு வாசம் அடிக்கும்.

திராட்சைப் பெட்டிகளில் வைக்கும் கந்தக டை ஆக்சைடு தாளும் இதே வகைதான். அதிலுள்ள சோடியம் மெட்டாபைசல்பைட், பெட்டியின் ஈரத்தை உறிஞ்சி வாயுவை விடும். வாயு கூடினால் காம்பைச் சுற்றிப் பழம் வெளுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது. தாளில் உள்ளது கொஞ்சமாவது பழத்துக்கும் வரும் என்பதை விற்பவர்கள் சொல்வதேயில்லை. அது எனக்கு வருத்தம்.

எந்தத் தாளாலும் முடியாத காரியங்களும் உண்டு. மாம்பழக் கரும்புள்ளிப் பூஞ்சை, காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் புகுந்து, பழுக்கும்வரை காத்திருக்கும். வெளியே சுற்றிய தாள் அதைத் தொடுவதே சிரமம். ஆரஞ்சுப் பூஞ்சை நுழைவது காயம் வழியாக, அதனால் அறுவடையில் பட்ட கீறலைத் தாள் சரிசெய்யாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பழத்தின் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகும். அதைக் குறைக்க முதலில் வேண்டியது குளிர்ச்சிதான். குளிர்ந்த பெட்டியைச் சூடான அறைக்கு மாற்றினால் வியர்த்து, தாளும் நனைந்துவிடும். நனைந்த தாள் பூஞ்சைக்கு வசதி.

அழுகிய ஆப்பிளைத் தாளில் சுற்றிக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை அதில் பட்டுலின் நஞ்சை உண்டாக்கும். பூஞ்சை செத்தாலும் நஞ்சு அங்கேயே இருக்கும். ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. அந்தப் பழத்தை எறிந்துவிடுங்கள்.

சரி, தாள் வாங்குவதாக முடிவெடுத்தால், எந்தப் பூஞ்சைக்கு எதிராக, எந்தப் பழத்தில், எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உணவைத் தொடும் பொருளுக்கான சான்றும் வேண்டும். ஆவித் தாள் என்றால், பெட்டி கட்டும் அன்றுதான் உறையைப் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால் ஆவி முழுக்கக் கிடங்கிலேயே போய்விடும்.