கித்தான் வாளியும் கடலின் சூடும்

செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடிக்கும், கடல் பரப்பின் வெப்பத்தைக்கூடக் கணித்துவிடும். ஆனால் நடுக்கடலில் காற்றழுத்தம் எவ்வளவு என்பதை அதனால் நேரடியாக அளக்க முடியாது. அதற்கு அந்த இடத்திலேயே ஒரு பாரோமீட்டர் இருந்தாக வேண்டும். தாழ்வு நிலை எங்கே உருவாகிறது, எவ்வளவு வலுக்கிறது என்று காட்டிக்கொடுப்பதோ அழுத்தம்தான்.

அந்தக் குறையை நிரப்புபவர்களில் முக்கியமானவர்கள் சரக்குக் கப்பல் மாலுமிகள். கூலி எதிர்பார்க்காத வேலை இது. 1853-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தேயு மோரியின் முயற்சியால் பிரஸ்ஸல்ஸில் ஒரு மாநாடு கூடியது. எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலைக் குறிப்பெடுக்க அங்கேதான் வழி பிறந்தது.

இப்போது உலகப் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணிகளில் குறிப்பெடுப்பது வழக்கம். பாரோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே அனுப்பினால் தப்பாகிவிடும். கடல்மட்டத்தில் உள்ள அழுத்தம்தான் தேவை, ஆனால் மேலே போகப் போக அது ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். கருவி 32 மீட்டர் உயரத்தில் இருந்தால் 4 கூட்ட வேண்டும். சரக்கை இறக்கிய கப்பல் தண்ணீரில் மேலெழும்பி நிற்கும், அப்போது அந்தக் கணக்கும் மாறும்.

காற்று இன்னும் சிக்கல். காற்றே அசையாத நாளில் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பலின் காற்றுமானி, எதிர்காற்று 15 நாட் என்று காட்டும். கப்பலின் ஓட்டத்தைக் கழித்தால்தான் உண்மைக் காற்று கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது கடலைப் பார்த்தே சொல்லும் முறை. அலைமுகடு அங்கங்கே உடைந்து நுரை தெரிந்தால், காற்றின் வலுவை எண்ணால் குறிக்கும் போஃபர்ட் அளவில் 3. எங்கு பார்த்தாலும் வெண்நுரை என்றால் 5. நுரை காற்றின் போக்கில் தெளிவான கோடுகளாக நீண்டால் 8. கப்பல் எவ்வளவு விரைந்தாலும் கடலின் முகம் மாறுவதில்லை.

சரி, தண்ணீரின் வெப்பம்? முன்பெல்லாம் கித்தான் வாளியைக் கடலில் இறக்கி, மொண்டு, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். மேலே தூக்குவதற்குள் ஈரத் துணியில் காற்றுப் பட்டு நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தாலோ, என்ஜின் அறையின் சூட்டால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

1945-இன் பிற்பகுதியில் உலகச் சராசரி வெப்பநிலைப் பதிவில் திடீரென ஏறத்தாழ 0.3 டிகிரி சரிவு தெரிகிறது. கடல் குளிரவில்லை. போர்க்காலத்தில் பெரும்பாலான அளவீடுகள் என்ஜின் நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. போர் முடிந்ததும் வாளியில் மொண்டு பார்த்த பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடிவிட்டது. அந்தச் சரிவுக்குக் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் காட்டியது 2008-இல்.